இரண்டு பதினேழு

பத்து ஜிபி எனக்கு ஒரு மாதம் தாங்கும்.
டிசம்பர் வரை தாங்கியது.
ஜனவரி ஆறு, எட்மன்டன், மைனஸ் இருபத்தொன்பது,
மில் வுட்ஸ் பேருந்து நிறுத்தத்தில்
கையுறையைப் பல்லால் கழற்றிப் பார்க்கிறேன்:
தொண்ணூறு சதவீதம் தீர்ந்துவிட்டதாம்.

ஆறே நாளில்.

நான் படம் பார்ப்பவள் இல்லை.
பாட்டைக்கூட வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டுதான்
பேருந்தில் ஏறுவேன்.
முதியோர் இல்லத்தில் மாலை முழுக்க
லாக்கருக்குள் கிடக்கிறது போன்,
ஈரக் காலுறைக்குப் பக்கத்தில், வாய் பேசாமல்.

கணக்கைத் திறந்தேன்.
இரவு இரண்டு பதினேழுக்கு ஒன்றரை ஜிபி.
மறுநாளும் இரண்டு பதினேழு.
அதற்கு மறுநாளும்.
எந்தத் திருடன் இத்தனை ஒழுங்காக வருவான்?

கம்பெனியைக் கூப்பிட்டேன்.
நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு டெஸ்மண்ட் என்று ஒருவன்:
எங்கள் பக்கம் ஒழுகவில்லை மேடம்,
உங்கள் போன்தான் குடித்திருக்கிறது.
குடிகாரனின் மனைவியிடம் பேசுகிற
அதே கனிவு.

அழித்தேன். வானிலையை, வரைபடத்தை,
கூப்பன் செயலியை, ராசிபலனை.
இருப்பிடத்தை அணைத்தேன்.
போனைத் துடைத்துப் புதிதாக்கவும் துணிந்துவிட்டேன்,
கடைசி நிமிடத்தில் புகைப்படங்களை நினைத்துக் கை நின்றது.
இரண்டு பதினேழுக்கு அது மறுபடியும் சாப்பிட்டது.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.

அமலோற்பவி.
பேஸ்மென்ட்டின் மற்ற அறை.
தூத்துக்குடிக்காரி, பேக்கரியில் இரவு வேலை,
இரண்டு மணிக்கு வருவாள்,
பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்குவாள்
என் தூக்கம் கெடக்கூடாதென்று.
வந்த முதல் வாரம் அவளுக்கு சிம் இல்லை,
என் ஹாட்ஸ்பாட் கடவுச்சொல்லை நானேதான் கொடுத்தேன்.

கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.
கடவுச்சொல்லை மாற்றினேன்.
அவள் மிச்ச பன்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது
வயிறு சரியில்லை என்றேன்.
மூன்றாம் நாள் அவள் பன் கொண்டுவரவில்லை.
கதவு மெல்லச் சாத்துகிற சத்தம் மட்டும்.
மாற்றிய பிறகும்
இரண்டு பதினேழு,
ஒன்றரை ஜிபி.

சனிக்கிழமை மாடிக்காரர் வாடகை வாங்க வந்தார்.
பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:
பையன் விடிய விடிய விளையாடுகிறானே,
ரவுட்டருக்கு டைமர் போட்டேன்,
இரண்டேகாலுக்கு அணைந்து ஐந்துக்கு வரும்,
உங்களுக்கு ஒன்றும் தொந்தரவில்லையே?

இல்லை என்றேன்.
பிறகு உட்கார்ந்து தேடினேன்.

ஒரே ஒரு வீடியோ. ஐம்பத்தியிரண்டு நிமிடம்.
மேகத்துக்கு ஏறப் பார்க்கிறது ஒவ்வொரு இரவும்.
வைஃபை போனதும் சிம்மைப் பிடித்துக்கொள்கிறது,
பாதி ஏறுகிறது, பேஸ்மென்ட் சிக்னல் அறுகிறது,
மறுபடி முதலிலிருந்து.
எடுத்த நினைவே இல்லை.
கோட்டுப் பாக்கெட்டில் தானாக எடுத்திருக்கிறது,
டிசம்பர் முப்பத்தொன்று.

படம் முழுக்கக் கறுப்பு.
சாவிக் கொத்து. பனி நொறுங்குகிற கால்கள்,
இரண்டு ஜோடி.
நான் ஏதோ சொல்கிறேன், மேலாளர் மாதிரி மூக்கால்.
அவள் சிரிக்கிறாள். நடக்க முடியாமல் நின்று சிரிக்கிறாள்.
நில்லுடி, மூச்சு முட்டுது, என்கிறாள்.
இருபத்தெட்டாவது நிமிடத்தில்
தூரத்தில் வெடிகள்.
யாரும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
பிறகு அவள்: நல்ல வேளை நீ இருந்தே.

முழுதும் கேட்டேன்.
கூடுதல் கட்டணம் எழுபது டாலர்,
டெஸ்மண்ட் பாதி தள்ளுபடி செய்வானாம்.

ஒரு பேக்கரிப் பையைக் கிழித்து
புதுக் கடவுச்சொல்லை எழுதினேன்.
வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை,
ஐம்பத்தியிரண்டு நிமிடம் என்று எழுதி அடித்தேன்.
அவள் கதவடியில் தள்ளினேன்.
பாதி உள்ளே போய்
கம்பளத்தில் மாட்டிக்கொண்டது.

மணி ஒன்று ஐம்பது.
படியில் இன்னும் பூட்ஸ் சத்தம் இல்லை.
அவள் அதை வைக்கவே மாட்டாள், தெரியும்,
இருந்தாலும் காதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.